களவு போன துவக்கும் அதன் இலக்கமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் துவக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் வேலை வரும். படிவம் நிரப்ப வருகிறவர்கள் முற்றத்தில் இருந்து கதைக்கும்போது ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், மல்லாவி என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பயிர்க் காவலுக்கு அனுமதியோடு வைத்திருக்கும் வேட்டைத் துவக்கைப் பற்றியதுதான் பெரும்பாலும். ஒவ்வொரு வீட்டிலும் அந்த இலக்கம் ஒரு கொப்பியில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

துவக்கில இருக்கிற நம்பர் எதுக்கு? பத்திரம் இருந்தால் காணாதோ?

மாட்டுக்குக் குறி சுடுகிறோம் அல்லவா, அதே காரணம்தான். ஒரே தொழிற்சாலையில் செய்த பன்னிரண்டு போர் (bore, அதாவது குழல் அளவு) துவக்குகள் ஆயிரம் இருந்தாலும், தொடரிலக்கம் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துக் காட்டும். பத்திரம் சொல்வது, இந்த ஆளுக்கு இந்த இலக்கமுள்ள துவக்கை வைத்திருக்க உரிமை உண்டு என்பதைத்தான். ஆளையும் இரும்பையும் சேர்த்துக் கட்டுவது அந்த இலக்கம். அது பிழைத்தால் பத்திரம் வெறும் தாள்.

நாடுகளுக்கிடையிலும் இதே ஏற்பாடுதான். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005 டிசம்பர் 8 இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தடமறிதல் ஆவணம், துவக்கு தயாரிக்கப்படும்போதே தயாரித்தவர், நாடு, தொடரிலக்கம் ஆகியவை அதில் பதிக்கப்பட வேண்டும் என்கிறது.

என்ர துவக்கில 12 எண்டு அடிச்சிருக்கு. அதுதானே நம்பர்?

இல்லை. இந்தப் பிழையை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். 12 என்பது குழலின் அளவு. அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல் நிறை வரும். பன்னிரண்டு போர் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். உலகத்தில் உள்ள எல்லாப் பன்னிரண்டு போர் துவக்கிலும் அது இருக்கும்.

பழைய இங்கிலாந்துத் துவக்கு என்றால் வேறு அடையாளங்களும் இருக்கும். லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகளில் குழலை வெடித்துப் பார்த்துக் குத்திய முத்திரைகள் அவை. கிரீடம், எழுத்துகள், தோட்டா அறையின் நீளம் என்று கலந்திருக்கும். அவையும் உங்கள் இலக்கம் அல்ல. தொடரிலக்கம் பெரும்பாலும் நான்கு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட எண்களாக ஒரே வரிசையில் இருக்கும். சிலவற்றில் முன்னாலோ பின்னாலோ எழுத்தும் சேரும். அந்த எழுத்தையும் விட்டுவிடக் கூடாது.

சரி, அப்ப எங்க பார்க்கிறது?

முதலில் தோட்டா உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை.

மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் என்றால் மூன்று இடம் பாருங்கள். குழலைக் கழற்றினால் அதன் அடியில் தட்டையாக ஒரு பரப்பு இருக்கும், அங்கே ஒன்று. விசையைச் சுற்றியுள்ள வளையம் பின்னால் மரத்தோடு சேரும் வாலில் ஒன்று. குழலுக்குக் கீழே இடது கையால் பிடிக்கும் மரத்துண்டின் உட்பக்க இரும்பில் ஒன்று. மூன்றும் ஒத்துப் போனால் துவக்கு பிறந்தபடியே இருக்கிறது என்று பொருள். ஒரே குழலால் அடுத்தடுத்துச் சுடும் ரிப்பீட்டர் என்றால் உடல் இரும்பின் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும்.

துரு பிடித்து வாசிக்க முடியாவிட்டால் எண்ணெய் போட்டுத் துணியால் துடையுங்கள். அரத்தாள், அரம், கிறைண்டர் எதையும் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். பிறகு ஒரு மெல்லிய வெள்ளைத்தாளை எண்களின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்த்தோமே, அது போல. எண்கள் வெள்ளையாக எழுந்து வரும். கண்ணுக்கு 3 போலத் தெரிந்தது தாளில் 8 ஆக வருவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் திகதி எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். போனில் படம் எடுப்பதென்றால் வெளிச்சத்தை நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து எடுங்கள்.

இலக்கத்தை மட்டும் எழுதி வைச்சால் போதுமோ?

போதாது. இரண்டு கம்பனிகள் ஒரே இலக்கத்தைப் போட்டிருக்கலாம். ஒரே கம்பனி இரண்டு வகைத் துவக்கில் அதே எண்ணைப் போட்டதும் உண்டு. ஆகவே செய்த கம்பனி, நாடு, வகை (ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், ரிப்பீட்டர்), போர் அளவு, இலக்கம் என்று ஐந்தையும் எழுதுங்கள். ஓ என்ற ஆங்கில எழுத்தும் பூச்சியமும் ஒன்று போலிருக்கும், ஐ என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் அப்படித்தான். எது என்று பக்கத்தில் சொல்லாலேயே எழுதி வையுங்கள்.

அதோடு உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளங்கள் இருக்கும். மரக்கட்டையில் வெடிப்பு, மாற்றிய ஆணி, தோள்வாருக்குப் போட்ட வளையம். அதையும் எழுதுங்கள். இலக்கம் அழிந்து வரும் நாளில் அதுதான் கை கொடுக்கும். ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். துவக்கும் பத்திரமும் ஒரே பெட்டியில் இருந்து, பெட்டியோடு போன கதைகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

துவக்கு களவு போச்சு. முதல் வேலை என்ன?

அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு. முதலில் நாங்கள் தேடிப் பார்ப்போம், ஊர்ப் பெடியன்தான் எடுத்திருப்பான், கதைத்து வாங்கலாம் என்று நான்கு நாள் இழுக்காதீர்கள். அந்த நான்கு நாளில் அந்தத் துவக்கால் ஏதாவது நடந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் படலைதான். இரவென்றால் 119 க்கு எடுத்துச் சொல்லிவிட்டு விடிந்ததும் நிலையத்துக்குப் போங்கள். அதன் பிறகு அனுமதி தந்த இடத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். பயிர்க் காவல் துவக்குக்கு அது மாவட்டச் செயலகம், தற்பாதுகாப்புக்குக் கொடுத்ததற்குப் பாதுகாப்பு அமைச்சு. கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள்.

நிலையத்தில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள். அப்படியும் சிங்களத்தில் எழுதினால், மற்ற வரிகள் விளங்காவிட்டாலும் எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னர் உங்கள் கொப்பியைப் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். பிழை என்றால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். பிரதியும் முறைப்பாட்டு இலக்கமும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வயலுக்குள்ள காவல் கொட்டில்ல வைச்சிட்டு வந்தனான். அதைச் சொன்னால் என்னைப் பிடிப்பாங்களோ?

கவனக்குறைவாக வைத்தது பிழைதான், கேள்வி வரும். ஆனால் வீட்டில் இருந்தது என்று பொய் சொன்னால் விசாரணை முழுவதும் பிழையான இடத்திலிருந்து தொடங்கும். கொட்டிலுக்கு வந்து போகிறவர்கள் யார், எந்த வரம்பு வழியாகப் போயிருக்கலாம் என்று யாரும் தேட மாட்டார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் ஒரு சட்டத்தரணியோடு போங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இன்ரநெற்றில நம்பரை அடிச்சால் துவக்கு இருக்கிற இடம் வருமாமே?

வராது. துவக்கில் எந்தச் சமிக்ஞையும் இல்லை. அது யாருடைய கையிலாவது பிடிபட வேண்டும். பிடிபட்ட பிறகுதான் இலக்கம் கதைக்கத் தொடங்கும்.

படங்களில் பொலிஸ்காரர் கணினியில் தட்டியதும் சொந்தக்காரனின் முகம் வருகிறதே, அமெரிக்காவில்கூட அப்படி இல்லை. அங்கே 1968 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு துவக்குக்கும் இலக்கம் வேண்டும் என்றது. ஆனாலும் எல்லா உரிமையாளர்களையும் ஒரே இடத்தில் பதிந்த தேசியப் பட்டியல் அங்கே கிடையாது. மேற்கு வேர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பேர்க் என்ற ஊரில் தடமறியும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் கம்பனியைக் கேட்டு, கம்பனி சொன்ன மொத்த வியாபாரியைக் கேட்டு, அவர் சொன்ன கடையைக் கேட்டு, கடையின் பதிவில் முதல் ஆளாக வாங்கியவரைப் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு அது கை மாறியதா, களவு போனதா என்று அங்கிருந்து விசாரிக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் அது இன்னொரு விதம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதால், கடைசியாக யார் பெயரில் இருந்தது என்று பதிவிலேயே தெரிய வேண்டும். அந்த வகையில் எங்களுக்கு வழி குறுகியது. பதிவில் உள்ள எண் சரியாக இருந்தால்.

வெளிநாட்டுக்குக் கடத்திக்கொண்டு போனால்?

இன்டர்போலிடம் ஐஆர்ம்ஸ் என்றொரு தரவுத்தளம் இருக்கிறது. களவு போன, காணாமல் போன, கடத்தப்பட்ட துவக்குகளின் விவரங்களை 196 உறுப்பு நாடுகளின் பொலிசார் அதில் பதியலாம், தேடலாம். ஒரு நாட்டில் பிடிபட்டதற்கு இன்னொரு நாட்டிடம் விவரம் கேட்கவும் முடியும். நீங்களோ நானோ அதற்குள் போக முடியாது, பொலிஸ் வழியாகத்தான். ஆனால் வன்னியில் களவு போகும் வேட்டைத் துவக்கு கடல் கடப்பது அரிது. பக்கத்துக் காட்டில் பன்றி வேட்டைக்கோ கசிப்புக் காய்ச்சுகிறவனின் காவலுக்கோதான் போகிறது.

பேஸ்புக்கில நம்பரோட படம் போட்டால் கெதியாக் கிடைக்கும் எண்டு மகன் சொல்லுறான்.

வேண்டாம். மாடு, மோட்டார் சைக்கிள் என்றால் போடலாம், ஊர் பார்க்கும். துவக்கின் இலக்கத்தைப் போட்டால் எடுத்தவனுக்கு எதை அழிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். உங்கள் வீட்டில் துவக்கு இருந்தது, இப்போது இல்லை என்பதும் ஊருக்கெல்லாம் தெரியும். இலக்கம் பொலிஸ், மாவட்டச் செயலகம், உங்கள் கொப்பி ஆகிய மூன்று இடத்தில் இருந்தால் போதும்.

நம்பரை அராவி எடுத்துப்போட்டாங்கள் எண்டால் அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் அராவுகிறார்கள். உழுத வயலின் ஈரச் சேற்றில் மாடு குளம்பை வைத்தால் தடம் மட்டும் பள்ளமாவதில்லை, பள்ளத்துக்குக் கீழே உள்ள மண்ணும் இறுகிப் போகும். மேலே வழித்துச் சமப்படுத்தினாலும் அடியில் இறுக்கம் இருக்கும். இரும்பிலும் அப்படித்தான். அச்சை வைத்து அடித்த எண்ணுக்குக் கீழே உலோகம் நசுங்கி இறுகியிருக்கும். ஆய்வுகூடத்தில் அந்த இடத்தை மினுக்கி அமிலக் கரைசலைப் பூசும்போது, நசுங்கிய உலோகமும் மற்றதும் வெவ்வேறு விதமாக அரிபடும். எண்கள் நிழல் போல மேலே வரும். சில நேரம் சில நிமிடங்களுக்கே தெரியும், உடனே படம் எடுப்பார்கள்.

இலங்கையில் இந்த வகைப் பரிசோதனைகளை அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் செய்கிறது. பொலிசும் நீதிமன்றமும்தான் அங்கே அனுப்பலாம். எப்போதும் முழு எண்ணும் வரும் என்றில்லை. ஐந்தில் மூன்று வந்தாலும், நான் மேலே சொன்ன வெடிப்பும் மாற்றிய ஆணியும் உங்கள் கொப்பியில் இருந்தால் மிச்சத்தை அவை நிரப்பும்.

வெடி வைச்ச இடத்தில கிடைச்ச ரவையை வைச்சுத் துவக்கைப் பிடிக்கலாம்தானே? பிறகேன் நம்பர்?

றைபிளுக்கும் பிஸ்டலுக்கும் அது சரி. அந்தக் குழல்களுக்குள் முறுக்காகத் தவாளிப்பு இருக்கும், அது ரவையில் கீறல் போடும். எங்கள் வேட்டைத் துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பு. சில்லுச் சில்லாகப் போகும் ஈயச் சன்னங்களில் குழலின் அடையாளம் விழாது. வெறும் தோட்டாக் கோது கிடைத்தால் அதன் அடியில் ஊசி குத்திய தடத்தை ஒப்பிடலாம், ஆனால் அதற்கும் முதலில் துவக்கு கையில் இருக்க வேண்டும். ஆகவே வேட்டைத் துவக்குக்கு இலக்கம் இன்னும் முக்கியம்.

அப்பா மோசம் போயிட்டார். அவற்ற பேரில துவக்கு இருக்கு. நம்பர் மாறாதுதானே, நான் வைச்சிருக்கலாமோ?

இலக்கம் மாறாது, ஆனால் அனுமதி அப்பாவோடு முடிந்தது. அது காணி போலத் தானாகப் பிள்ளைக்கு வராது. மாவட்டச் செயலகத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும் வரை பொலிசில் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

எங்கட வீட்டுத் துவக்கை எண்பதுகளில இயக்கப் பெடியள் வந்து கேட்டு எடுத்துக்கொண்டு போனவங்கள். அதையும் தேடலாமோ?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அந்தக் காலத்தில் வடக்கில் எத்தனையோ வீடுகளில் நடந்தது இது. கொடுக்காமல் இருக்கவும் முடியாது, கொடுத்ததைச் சொல்லவும் முடியாது. சில ஐயாமார் இன்றைக்கும் அந்தப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார்கள், எப்போதாவது யாராவது வந்து துவக்கு எங்கே என்று கேட்பார்கள் என்ற பயத்தில்.

உண்மையைச் சொன்னால் அந்த இரும்பு திரும்பி வரும் என்று நான் யாருக்கும் நம்பிக்கை கொடுப்பதில்லை. 2009 மே மாதத்துக்குள் அது எத்தனை கை மாறி, எந்த மண்ணுக்குள் போனதோ. ஆனால் உங்கள் பெயரைச் சுத்தமாக்கலாம். பத்திரமோ இலக்கமோ இருந்தால், நடந்ததை ஒரு கடிதமாக எழுதி மாவட்டச் செயலகத்துக்கும் பொலிசுக்கும் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால், பழைய பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

காணி துப்பரவாக்கேக்க துருப்பிடிச்ச துவக்கு ஒண்டு வந்தது. நம்பரைப் பார்த்துச் சொல்லட்டோ?

தொடவே வேண்டாம். மேலே சொன்ன எண்ணெயும் துணியும் பென்சிலும் உங்கள் சொந்தத் துவக்குக்கு மட்டும்தான். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் மண்ணுக்குள் துவக்கோடு கைக்குண்டும் கண்ணிவெடியும் சேர்ந்தே கிடக்கின்றன. மண்வெட்டியை அப்படியே விட்டு, வந்த அடியிலேயே திரும்பி வாருங்கள். தூரத்தில் ஒரு தடியை நட்டுத் துணி கட்டிவிட்டு 119 க்குச் சொல்லுங்கள். இலக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கட்டுத்துவக்கு களவு போச்சு. அதுக்கு நம்பரே இல்லை. முறைப்பாடு குடுக்கலாமோ?

விலங்கு தட்டினால் தானாக வெடிக்கும்படி பாதையில் கட்டி வைப்பதுதான் கட்டுத்துவக்கு. அதை வைப்பதே சட்டவிரோதம். ஊரில் அடித்த, குழல் வாயால் மருந்து இடித்துச் சுடும் இடியனுக்கும் இலக்கமில்லை, அனுமதியில்லை. இப்படி ஒன்று இருந்து போயிருந்தால் முதலில் சட்டத்தரணியோடு கதையுங்கள், பிறகு அவரோடு நிலையத்துக்குப் போங்கள். தயவு செய்து இன்னொன்றைக் கட்டாதீர்கள். அது பன்றிக்கென்று கட்டப்பட்டாலும், விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவரின் காலைத்தான் பிய்க்கிறது. யானைக் கன்றுகள் புழு வைத்து மாதக்கணக்கில் நொண்டித் திரிவதை நாங்கள் வாய்க்கால் கரையில் நின்று பார்த்திருக்கிறோம்.

மலிவாக ஒருத்தன் துவக்குத் தாறன் எண்டு வந்தான். நம்பர் இருக்கு. வாங்கலாமோ?

நம்பர் இருக்கிறது என்றால் அது ஒருவருடைய பெயரில் இருக்கிறது என்று பொருள். அவன் பெயரா? அனுமதி இல்லாமல் கைமாற்றவே முடியாது. வாங்கினால் களவுப் பொருள் வைத்திருந்தவர் நீங்கள்.

பிடிபட்டால் எங்களுக்குத் திருப்பித் தருவினமோ?

நேரே தரமாட்டார்கள். துவக்கு முதலில் வழக்கின் சான்றுப்பொருள். நீதவான் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படும், பகுப்பாய்வுக்குப் போகலாம், வழக்கு முடியும் வரை அங்கேயே இருக்கலாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவின்படி, பொலிஸ் கைப்பற்றிய பொருளை உரியவரிடம் கொடுக்கும் கட்டளையை நீதவான்தான் இடுவார். உரியவர் நீங்கள்தான் என்று காட்டப் பத்திரம், முறைப்பாட்டுப் பிரதி, வாங்கிய பற்றுச்சீட்டு வேண்டும். இந்த இடைக்காலத்தில் அனுமதியை என்ன செய்வது என்று மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பத்திரத்தில ஒரு நம்பர், துவக்கில ஒரு நம்பர். இனி என்ன செய்யிறது?

இது என் பெரியப்பாவுக்கு நடந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டார் எல்லாரும் போயிருந்த இரவு, ஓட்டைப் பிரித்து இறங்கி அறையிலிருந்த இரட்டைக்குழலை எடுத்துவிட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து வேறொரு வழக்கில் அது பிடிபட்டது. பெரியப்பா பார்த்ததுமே தன்னுடையது என்றார். மரக்கட்டையில் அவர் போட்ட பித்தளை ஆணி இருந்தது. ஆனால் பத்திரத்தில் கடைசி எண் 3, இரும்பில் 8. எண் ஒத்துவரவில்லை, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பழைய பத்திரங்களை எல்லாம் நிலத்தில் பரப்பி வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டு ஆண்டு 8 என்று சரியாக இருந்தது. மூன்றாம் ஆண்டு யாரோ 3 என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் முந்திய பத்திரத்தைப் பார்த்து அதே 3 ஐ எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். படிவம் நிரப்பியவர்களில் நானும் ஒருவன். துவக்கை எடுத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு பெரியம்மாவின் தங்கை வீட்டில் இருந்தது. அதிலும் 8. அதையும் முதல் பத்திரத்தையும் வைத்துத் திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதி, கட்டளை பெற்று, துவக்கு வீட்டுக்கு வர ஓர் ஆண்டுக்கு மேல் சென்றது. உங்களுக்கும் இப்படி வேறுபாடு இருந்தால் துவக்கு கையில் இருக்கும்போதே திருத்துங்கள். பழைய பத்திரங்கள், பற்றுச்சீட்டு, பென்சில் தேய்த்த தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். துவக்கைக் கொண்டு வரச் சொல்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு, சொன்னால் மட்டும் கொண்டு போங்கள்.

இப்போது புதுப்பிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் பென்சிலையும் தாளையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறேன். தேய்த்துக்கொண்டு வந்த பிறகுதான் படிவத்தை எடுக்கிறேன்.